இரக்கம் ஏளனமாகும்போது: மடமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்

1720ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டன் சந்தையில் சுமார் 130 பவுனுக்கு விற்ற சவுத் ஸீ கம்பெனியின் பங்கு, கோடையில் ஆயிரம் பவுனை எட்டியது. ஆண்டு முடிவதற்குள் இருநூறுக்கும் கீழே விழுந்தது. அந்தச் சரிவில் கையைச் சுட்டுக்கொண்டவர்களில் ஐசக் நியூட்டனும் ஒருவர். கோள்களின் பாதையைக் கணக்கிட்டுக் காட்டிய அவர், அப்போது அரசு நாணயச்சாலையின் தலைவராகவும் இருந்தார்; கணக்கும் தெரியும், காசும் தெரியும். முதலில் வாங்கிய பங்குகளை நல்ல லாபத்துக்கு விற்று வெளியேறியும் விட்டார். அதன் பிறகும் விலை ஏறிக்கொண்டே போனதைப் பார்த்து மனம் கேட்காமல், உச்சத்தில் மறுபடி வாங்கினார். பெருந்தொகை கரைந்துபோனது.

நியூட்டன் செய்ததை ஆங்கிலத்தில் எந்தச் சொல்லால் சொல்வது? 'ஃபூலிஷ்' என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். 'ஸ்டுப்பிட்' என்றால் நெருடும். அவ்வளவு பெரிய மூளைக்கு அது ஒட்டவில்லை. 'ஸில்லி' என்றால் இழப்பின் கனம் குறைந்துவிடும். 'இடியட்' என்று கூடப் பழகிய ஒருவர் கத்தியிருக்கலாம். அதில் தெரிவது கத்தியவரின் கோபம்தான், நியூட்டனின் அறிவு அல்ல. ஆங்கில-தமிழ் அகராதிகளைப் புரட்டினால் இவை எல்லாவற்றுக்கும் எதிரே 'முட்டாள்', 'அறிவற்ற', 'மடமை' என்ற பொருள்களே மாறிமாறி வரும். ஆங்கிலம் பேசுபவர்களோ ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட மாட்டார்கள்.

இந்தச் சொற்களை அறிவின் அளவைக் காட்டும் படிகளாக வரிசைப்படுத்திப் பார்க்கும் ஆசை பலருக்கும் வந்திருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உளவியலாளர்கள் அதைச் செய்தே பார்த்தார்கள். விளைவு கொடுமையாக முடிந்தது. மடமைச் சொற்களின் வரலாற்றைத் தொடர்ந்து போனால் தெரியவருவது வேறு. இவற்றில் பல, எளியவர் மீது இரக்கப்பட்டுப் பிறந்தவை. யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார், சொல்பவருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அவை ஏளனமாகவும் வசையாகவும் சட்டமாகவும் மாறியிருக்கின்றன.

எது குறைகிறது, எவ்வளவு கெடுகிறது

முதலில் இன்றைய வழக்கைப் பார்ப்போம். 'ஃபூலிஷ்' என்பது முடிவெடுப்பதில் உள்ள குறை. அறிவு இருக்கிறது, அந்த நேரத்தில் அதைக் கேட்டு நடக்கவில்லை. 'ஸ்டுப்பிட்' என்பது புரிந்துகொள்வதில் உள்ள குறை. அதன் லத்தீன் வேர், அடித்துப்போட்டாற்போல் திகைத்து நிற்பதைக் குறிக்கும். மயக்க நிலையைச் சொல்லும் 'ஸ்டுப்பர்', மலைக்கவைக்கும் பிரம்மாண்டத்தைச் சொல்லும் 'ஸ்டுபெண்டஸ்' ஆகியவையும் அதே வேரில் வந்தவை. மனம் அசையாமல் நின்றுபோவதே இவற்றின் பொது அடிப்படை. அதனால்தான் 'ஸ்டுப்பிட்' ஆளைக் குறிவைத்தால் ஆழமாகக் காயப்படுத்துகிறது. 'ஃபூலிஷ்' செயலோடு நின்றுவிடலாம். 'ஸ்டுப்பிட்' ஆளோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும்.

'ஸில்லி' என்ற சொல்லுக்கு ஒரு நிபந்தனை உண்டு: கேடு சிறிதாக இருக்க வேண்டும். மழை கொட்டும்போது குடையைக் கையில் வைத்துக்கொண்டே நனைந்து வருபவர் ஸில்லி. வீட்டை விற்று மோசடித் திட்டத்தில் போட்டவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. கூட்டங்களில் ஆங்கிலம் பேசுபவர்கள் 'ஒரு ஸில்லியான கேள்வி கேட்கலாமா' என்று தொடங்குவது தன்னடக்கம். ஒரு பெரிய அதிகாரி அடுத்தவரின் கேள்வியை அதே சொல்லால் ஒதுக்கினால் அது அவமதிப்பு. சொல் ஒன்றுதான், வாயும் செவியும் மாறுகின்றன.

நம்பி ஏமாறுவதற்கும் ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் உண்டு. 'நயீவ்' என்பது அனுபவம் போதாமை; பிறந்தபடியே இருப்பது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. காலம் போனால் அது சரியாகிவிடும். 'கல்லிபிள்' என்பது யார் எதைச் சொன்னாலும் நம்பும் இயல்பு. ஏமாற்றுவதைக் குறித்த பழைய வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. அனுபவம் வந்தாலும் அது போகும் என்று சொல்ல முடியாது. 1720இல் முதன்முதலாகப் பங்கு வாங்கியவர்களில் பலர் நயீவ். ஒரு தடவை பட்ட பிறகும் அடுத்த திட்டத்துக்குப் பணம் கட்டியவர்கள் கல்லிபிள்.

'அப்ஸர்ட்' பெரும்பாலும் ஆளை விட்டுவிட்டுக் கூற்றைப் பிடிக்கும். லத்தீனில் சுருதி விலகிய ஓசையைக் குறித்த சொல் அது. ஒரு வாதம் தன்னோடு தானே ஒத்துப்போகாமல் இருந்தால் அப்ஸர்ட். 'இனேன்' என்றால் உள்ளே ஒன்றுமில்லாத வெறுமை. 'ஃபாச்சுவஸ்' என்றால் அந்த வெறுமையோடு தன்னைப் பற்றிய பூரிப்பும் சேர்ந்தது. மேடையில் ஒன்றும் சொல்லாமல் ஒரு மணி நேரம் பேசிவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஆங்கிலத்தில் இல்லை.

'ஃபாலி' என்பது தனி வகை. இலக்கணப்படி 'ஃபூல்' என்பதன் உடன்பிறப்புதான். ஆனால் அதில் ஒரு பெரிய மனிதத் தோரணை இருக்கிறது. அரசர்களும் அமைச்சர்களும் நாடுகளும் செய்யும் மடமைக்கு இந்தப் பெயர். வரலாற்றாசிரியர் பார்பரா டக்மன் 1984இல் வெளியிட்ட நூலில், அரசுகள் தங்கள் நலனுக்குத் தாங்களே எதிராக நடந்துகொள்வதையே இந்தச் சொல்லால் வரையறுத்து, டிராய் நகரத்து மரக்குதிரையிலிருந்து வியட்நாம் போர்வரை அதைத் தேடிப்போனார். இங்கிலாந்தில் பணக்காரர்கள் தங்கள் நிலங்களில் எந்தப் பயனும் இல்லாமல் அழகுக்காகக் கட்டிய கோபுரங்களுக்கும் போலிச் சிதைவுகளுக்கும் 'ஃபாலி' என்றே பெயர். 1867இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஸ்யூவர்டு 72 லட்சம் டாலருக்கு ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை வாங்கியபோது, எதிர்த்தவர்கள் அதை 'ஸ்யூவர்டின் ஃபாலி' என்று கேலி செய்தார்கள். பின்னால் அங்கே தங்கமும் எண்ணெயும் கிடைத்தன. கேலிப்பெயர் அப்படியே இருக்கிறது. கேலிக்கு ஆளானவர்கள் மட்டும் மாறிவிட்டார்கள்.

கீழே இறங்கிய சொற்கள்

இந்தச் சொற்களின் பிறப்பைப் பார்த்தால், பல நல்ல இடத்தில் பிறந்தவை. 'ஸில்லி'யின் பழைய ஆங்கில வடிவம் இறையருள் பெற்ற, பாக்கியமுள்ள என்று பொருள்பட்டது. ஜெர்மன் மொழியில் அதன் உறவுச் சொல்லான 'ஸேலிக்' இன்றும் அதே பொருளில் இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் அது படிப்படியாக இறங்கியது. அருள் பெற்றவர் கள்ளமற்றவர் ஆனார். கள்ளமற்றவர் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாதவர் ஆனார். அவர் பரிதாபத்துக்குரியவர் ஆனார். கடைசியில் சிரிப்புக்குரியவர் ஆனார். 16ஆம் நூற்றாண்டில் ஆடுகளை 'ஸில்லி' என்று சொன்னவர்கள் அவற்றை ஏசவில்லை. பாவம், திக்கற்ற ஜீவன்கள் என்றுதான் சொன்னார்கள்.

'டாஃப்ட்' என்ற சொல்லும் அப்படித்தான். ஆதியில் அதற்குச் சாந்தமான, அடக்கமான என்று பொருள். கைநேர்த்தியைக் குறிக்கும் 'டெஃப்ட்' அதன் இரட்டைச் சகோதரன். ஒன்று திறமைக்குப் போனது, இன்னொன்று மடமைக்கு வந்தது. சத்தம் போடாமல் இருப்பவனுக்கு விஷயம் போதாது என்று ஊர் முடிவு கட்டியதன் தடம் இந்தச் சொல்லில் பதிந்திருக்கிறது.

எல்லாவற்றிலும் உருக்கமானது 'கிரெட்டின்'. ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் மண்ணிலும் நீரிலும் அயோடின் போதாமல், கழுத்தில் பெருங்கழலையோடும் வளர்ச்சி குன்றிய உடலோடும் மனத்தோடும் பலர் வாழ்ந்தார்கள். அந்த வட்டார பிரெஞ்சுப் பேச்சில் அவர்களைக் குறித்த சொல்லுக்கு 'கிறிஸ்தவர்' என்றே பொருள். இவர்களும் நம்மைப்போல் மனிதர்கள்தான், மிருகங்கள் அல்ல என்பது அதன் உட்கிடை. 18ஆம் நூற்றாண்டில் மருத்துவர்கள் அதை நோயின் பெயராக எடுத்துக்கொண்டார்கள். 1922 முதல் சுவிட்சர்லாந்தில் உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கியதும் நோய் ஒழியத் தொடங்கியது. சொல் ஒழியவில்லை; மனிதர் என்று காட்டப் பிறந்தது, மனிதரை மட்டம்தட்டும் வசையாக ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் நிலைத்துவிட்டது.

மேலே ஏறிய சொற்களும் உண்டு. இன்று இனிமையைக் குறிக்கும் 'நைஸ்' 14ஆம் நூற்றாண்டில் மூடத்தனத்தைக் குறித்தது. அறியாமையைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மூடத்தனத்திலிருந்து கூச்சத்துக்கும், கூச்சத்திலிருந்து நுணுக்கம் பார்ப்பதற்கும், அங்கிருந்து நயத்துக்கும் நகர்ந்து, 18ஆம் நூற்றாண்டில் இன்றைய பொருளுக்கு வந்து சேர்ந்தது. பிரியத்தைக் குறிக்கும் 'ஃபாண்ட்' முன்பு பித்துப்பிடித்தவனைக் குறித்தது. ஆனால் இவை ஏறியதற்குக் காரணம் உண்டு. 'நைஸ்' மேல்தட்டு மக்களின் நாசூக்கோடு சேர்ந்தது. 'ஃபாண்ட்' காதலோடும் பிள்ளைப் பாசத்தோடும் சேர்ந்தது. வறியவர்களோடும் நோயாளிகளோடும் சேர்ந்த சொற்கள் எதுவும் அப்படி ஏறவில்லை.

பட்டப்படிப்பிலிருந்து மூலை இருக்கைக்கு

எளியவர்கள் மட்டுமா அகப்பட்டார்கள்? தன் காலத்தின் கூர்மையான மூளைகளில் ஒன்றும் அகப்பட்டது. ஸ்காட்லாந்தின் டன்ஸ் ஊரைச் சேர்ந்த ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ், 1308இல் கொலோன் நகரத்தில் இறந்த பிரான்சிஸ்கன் துறவி. நுண்ணறிவுள்ள ஆசான் என்று பட்டம் பெற்றவர். ஆக்ஸ்ஃபோர்டில் அவருடைய நூல்கள் நெடுங்காலம் பாடமாக இருந்தன. 16ஆம் நூற்றாண்டில் கிரேக்கமும் செம்மையான லத்தீனும் படித்த புதிய தலைமுறை வந்தபோது, அவருடைய மாணவ மரபினர் பழைய தர்க்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 'டன்ஸ் ஆட்கள்' என்பது வளைந்து கொடுக்காத பழம்பஞ்சாங்கங்களின் பெயரானது.

1535இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், பல்கலைக்கழகத்தைச் சீர்திருத்த ரிச்சர்டு லேட்டனை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பினார். லேட்டன் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. டன்ஸைச் சிறையில் தள்ளிவிட்டோம் என்று பெருமையடிக்கிறார். நியூ காலேஜின் முற்றம் முழுவதும் டன்ஸின் கிழிந்த ஏடுகள் காற்றில் பறந்ததைக் கண்டதாகச் சொல்கிறார். பக்கிங்ஹாம்ஷயரைச் சேர்ந்த ஒரு கனவான் அந்தத் தாள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாராம், படிப்பதற்காக அல்ல. வேட்டையில் மான்கள் காட்டை விட்டு வெளியே ஓடாமல் மிரட்ட, கயிற்றில் கட்டித் தொங்கவிடுவதற்காக.

அடுத்த தலைமுறைக்குள் 'டன்ஸ்' என்பது படிப்பு ஏறாதவனின் பெயராகிவிட்டது. 1728இல் அலெக்ஸாண்டர் போப் எழுத்துலகத்து அரைகுறைகளைச் சாடிய தன் நீண்ட கவிதைக்கு இந்தச் சொல்லிலிருந்தே பெயர் வைத்தார். 19ஆம் நூற்றாண்டுப் பள்ளிகளில் பாடம் சொல்லத் தெரியாத பிள்ளையின் தலையில் கூம்புக் குல்லாய் மாட்டி மூலையில் உட்காரவைத்தார்கள். குல்லாய்க்கும் டன்ஸின் பெயர்தான். கத்தோலிக்கத் திருச்சபை 1993இல் அவரை அருளாளராக அறிவித்தது. இடைப்பட்ட நானூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் அந்தச் சொல், தோற்ற கல்விமுறையின் பெயரில் வென்ற கல்விமுறை பிள்ளைகளைத் தண்டிக்கும் கருவியாக இருந்தது.

அரண்மனையில் ஒரு ஃபூல், நீதிமன்றத்தில் ஓர் இடியட்

'ஃபூல்' என்ற சொல்லின் லத்தீன் மூலம் கொல்லன் பட்டறைத் துருத்தி; உள்ளே காற்றுதான் என்பது கேலி. ஆனாலும் அரண்மனைகளில் அது ஓர் உத்தியோகப் பெயராக இருந்தது. ஆங்கிலேயர் இரண்டு வகை பிரித்தார்கள்: பிறவியிலேயே அறிவு குறைந்தவர் இயற்கை ஃபூல், அப்படி நடித்துப் பிழைத்தவர் செயற்கை ஃபூல். எட்டாம் ஹென்றியிடம் வில் சாமர்ஸ் இருந்தார். முதலாம் ஜேம்ஸிடமும் அவர் மகன் சார்லஸிடமும் ஆர்ச்சிபால்டு ஆர்ம்ஸ்ட்ராங் இருந்தார். மற்றவர்கள் சொன்னால் தலை போகும் உண்மையை இவர்கள் சொல்லலாம். மடமை என்ற பட்டமே அவர்களுக்குக் கவசம். அந்தக் கவசத்துக்கும் எல்லை உண்டு. தலைமைப் பேராயர் லாடை நக்கலடித்ததற்காக 1637இல் ஆர்ம்ஸ்ட்ராங் அரண்மனையிலிருந்து துரத்தப்பட்டார்.

இயற்கை ஃபூலின் கதை நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே அவருக்குப் பெயர் 'இடியட்'. கிரேக்கத்தில் இது பொதுப்பதவி இல்லாத தனிமனிதரையும், ஒரு துறையில் பயிற்சி இல்லாதவரையும் குறித்த சாதாரணச் சொல். அரசியலில் பங்கெடுக்காதவரைக் கிரேக்கர்கள் ஏசிய சொல் இது என்று இன்று அடிக்கடி சொல்லப்படுகிறது. அதற்கு அவ்வளவு வலுவான ஆதாரம் கிடையாது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் பேதுருவையும் யோவானையும் இந்தச் சொல்தான் குறிக்கிறது: பள்ளியில் படிக்காத சாமானியர்கள். லத்தீன் வழியாக அது கல்வியறிவற்றவர் என்றாகி, ஆங்கிலத்துக்கு வந்தபோது அறிவற்றவர் என்றாகிவிட்டது.

இடைக்கால இங்கிலாந்துச் சட்டத்தில் இடியட்டின் நிலங்களைப் பராமரிக்கும் உரிமை அரசருக்கு; அவர் உயிரோடு இருக்கும்வரை வருமானமும் அரசருக்கு. பிறவியில் இல்லாமல் பின்னாளில் பித்துப்பிடித்தவர் நிலை வேறு. அவர் நிலத்து வருமானத்தை அரசர் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே ஒருவர் இடியட்டா இல்லையா என்பது பணப்பிரச்சினையாக இருந்தது. 16ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் ஆன்டனி ஃபிட்ஸ்ஹெர்பர்ட் எழுதிவைத்த சோதனை எளிமையானது: இருபது பென்னியை எண்ணத் தெரிகிறதா, தாய் தந்தை யாரென்று தெரிகிறதா, தன் வயது தெரிகிறதா. இந்தச் சட்டமொழி இந்தியாவுக்கும் கப்பலேறி வந்தது. சென்னை மாகாணம் உட்பட பிரிட்டிஷ் இந்தியாவில் அமலான 1912ஆம் ஆண்டுச் சட்டம், 'லூனடிக்' என்றால் இடியட் அல்லது சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று வரையறுத்தது. 1928இல் இந்து வாரிசுரிமைக்கான தடைகளை நீக்கிய சட்டம்கூட, பிறவியிலிருந்தே லூனடிக்காகவோ இடியட்டாகவோ இருப்பவரை மட்டும் விலக்கிவைத்தது. நாம் இன்று கோபத்தில் உதிர்க்கும் சொல், நம் பாட்டனார் காலத்தில் ஒருவருடைய பங்கை அவருக்கு இல்லாமல் ஆக்கவல்ல சட்டச் சொல்.

அளவுகோல் வந்த கதை

1852இல் மருத்துவர் பீட்டர் மார்க் ரோஜே வெளியிட்ட புகழ்பெற்ற சொற்களஞ்சியத்தில், மனபலவீனமும் மடமையும் ஒரே தலைப்பின் கீழ் இருக்கின்றன. இந்த இரண்டையும் பிரிக்கும் வேலையை 20ஆம் நூற்றாண்டு எடுத்துக்கொண்டது. 1905இல் பாரிஸில் ஆல்ஃபிரெட் பினேயும் தியோடார் சீமோனும், பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க ஒரு சோதனையை உருவாக்கினார்கள். உதவுவதுதான் நோக்கம். அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில் வைன்லேண்டு பயிற்சிப் பள்ளியில் இருந்த ஹென்றி கோடார்டு அதை மொழிபெயர்த்துக் கொண்டுவந்து, தரம் பிரிக்கும் கருவியாக்கினார். மனவயது இரண்டுக்கு மேல் போகாதவர் இடியட். மூன்று முதல் ஏழு வரை இம்பெஸில். எட்டு முதல் பன்னிரண்டு வரை உள்ளவருக்குச் சொல் இல்லை. மந்தம் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லை எடுத்து 1910இல் 'மோரான்' என்று பெயர் சூட்டினார். 'இம்பெஸில்' முன்பு உடல் வலுவின்மையையும் சேர்த்துக் குறித்த பழைய சொல். 'மோரான்' வசையாகப் பிறந்தது அல்ல. ஆராய்ச்சிக் கட்டுரைக்காகச் செய்யப்பட்ட சொல்.

முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் சேர்ந்த லட்சக்கணக்கானோருக்கு இத்தகைய சோதனை நடந்தது. வெள்ளை இன வீரர்களின் சராசரி மனவயது பதின்மூன்று என்று முடிவு வந்தது. கோடார்டின் கணக்குப்படி பார்த்தால் கிட்டத்தட்டப் பாதிப் பேர் மோரான். வயதுவந்தவர்களின் சராசரி அறிவு வயதுவந்தவர்களின் சராசரி அறிவைவிடக் குறைவு என்று சொல்வது எப்படி என்று 1922இல் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் கேட்டார். அப்ஸர்ட் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஆனால் அதற்குள் சொல் சட்டத்தோடு சேர்ந்துவிட்டது. இங்கிலாந்தின் 1913ஆம் ஆண்டுச் சட்டம் மக்களை இடியட், இம்பெஸில், மனபலவீனர், ஒழுக்க இம்பெஸில் என்று நான்காகப் பிரித்துக் காப்பகங்களில் அடைக்க வழிசெய்தது. 1959 வரை அது நடப்பில் இருந்தது. அமெரிக்காவில் கேரி பக் என்ற பெண்ணின் வாழ்க்கை ஒன்றே போதும். வர்ஜீனியாவில் வளர்ப்புப் பெற்றோரிடம் இருந்த அவர், அவர்களுடைய உறவினன் ஒருவனின் பாலியல் வன்முறையால் பதினேழு வயதில் கர்ப்பமானார். 1924இல் அவரை மனபலவீனர் காப்பகத்தில் சேர்த்தார்கள். அவருடைய தாய் ஏற்கெனவே அங்கே இருந்தார். சோதனையில் கேரியின் மனவயது ஒன்பது என்று போட்டார்கள்; அளவுகோலின்படி மோரான். ஏழு மாதக் கைக்குழந்தையைப் பார்த்துவிட்டு, இதுவும் சரியாக இல்லை என்று சாட்சி சொன்னார்கள். 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கேரிக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், இம்பெஸில்கள் மூன்று தலைமுறை போதும் என்ற பொருளில் ஒரு வாக்கியம் எழுதினார்.

கேரியை அந்தக் காலத்து அளவுகோல்கூட இம்பெஸில் என்று சொல்லவில்லை. அறுவைச் சிகிச்சைக்கு ஆணையிட்ட வாக்கியத்தில் அந்தச் சொல் வெறும் வசையாகத்தான் நின்றது. கேரியின் மகள் விவியன் பள்ளிக்கூடம் போனாள். ஒரு பருவத்தில் சிறந்த மாணவர் பட்டியலில் பெயர் வந்தது. 1932இல் எட்டு வயதில் நோயால் இறந்தாள். கேரி முதுமைவரை வாழ்ந்தார்; நாளிதழ் படிப்பதும் குறுக்கெழுத்துப் புதிர் போடுவதும் அவர் வழக்கம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இதுபோன்ற சட்டங்களால் அமெரிக்காவில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கருத்தடை செய்யப்பட்டார்கள். மோரான் என்ற சொல்லைச் செய்த கோடார்டு, 1928 வாக்கில் தன் கருத்துகளில் பலவற்றைத் திரும்பப் பெற்றார். சொல்லைத் திரும்பப் பெற அவரால் ஆகவில்லை; அது தெருவுக்கு வந்துவிட்டது.

புதுச் சொல்லும் பழசாகும்

இடியட், இம்பெஸில், மோரான் என்ற மூன்று சொற்களும் நாறிப்போனதும் மருத்துவர்கள் இன்னும் மென்மையாகச் சொல்லப் பார்த்தார்கள். மெதுவாக வளர்கிறவர் என்ற கரிசனத்தோடு வந்த சொல் 'ரிடார்டெட்'. ஒரே தலைமுறையில் அது பள்ளிக்கூட மைதானத்து வசையானது. 2010இல் அமெரிக்கா தனிச் சட்டம் போட்டுத் தன் கூட்டாட்சிச் சட்டங்கள் பலவற்றிலிருந்து அதை நீக்கியது. இந்தியாவிலும் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த அதே சொல்வழக்கு, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் அறிவுசார் குறைபாடு என்று மாறியது. மென்சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டுப்போகும் இந்தச் சுழற்சியை மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் 1994இல் விளக்கினார்: சொல் புதிதாக இருந்தாலும், அது சுட்டும் மனிதர்களைப் பற்றிய எண்ணம் பழையதாகவே இருந்தால் எண்ணத்தின் நிறம் சொல்லில் ஏறிவிடும்.

ஆனாலும் சொல்லை மாற்றுவது வீண் வேலை அல்ல. ஒவ்வொரு மாற்றமும், அந்தச் சொல்லுக்கு உரியவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மற்றவர்களுக்கு நினைவூட்டுகிறது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருந்தது. தங்கள் மகளைப் பள்ளி ஆவணத்தில் எப்படிக் குறிப்பிடுகிறார்கள் என்று கேட்டவர்கள் அவர்கள்.

செல்லமும் அசடும்

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் உண்டு. அயர்லாந்தில் 'இடியட்' என்பதை 'ஈஜிட்' என்று திரித்துச் சொல்வார்கள். உச்சரிப்பு மாறியதும் முள்ளும் போய்விடுகிறது. அம்மா பிள்ளையை, நண்பன் நண்பனை அப்படிச் சொல்லலாம். இங்கிலாந்தின் வடக்கே 'டாஃப்ட்' அநேகமாகச் செல்லம். 'ஸில்லி'யும் வீட்டுக்குள் நுழைந்தால் பழைய கனிவு கொஞ்சம் திரும்பிவிடுகிறது. வசை செல்லமாக வேண்டுமென்றால் பேசும் இருவரும் சமமாக இருக்க வேண்டும், அல்லது இடையில் அன்பு இருக்க வேண்டும். மேலதிகாரி தனக்குக் கீழே வேலை பார்ப்பவரை 'ஸில்லி' என்றால் அது செல்லம் ஆகாது.

தமிழ்ப் பேச்சிலும் இந்த ஆங்கிலச் சொற்கள் புதிய வாழ்க்கை பெற்றிருக்கின்றன. கழன்ற திருகாணியைப் பற்றிய ஆங்கில வழக்கிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட 'லூசு', காதலர்களுக்கிடையே கொஞ்சலாகவும் தெருச் சண்டையில் வசையாகவும் ஒரே நாளில் புழங்குகிறது. ஆங்கிலேயரிடம் அந்தச் சொல்லை மட்டும் தனியாகச் சொன்னால் அவருக்கு விளங்காது.

இந்த நுட்பத்தை நன்கு உணர்ந்த ஒருவரின் தேர்வைச் சொல்ல வேண்டும். தஸ்தயெவ்ஸ்கியின் 'இடியட்' நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்த எம்.ஏ. சுசீலா அதற்கு 'அசடன்' என்று தலைப்பு வைத்தார். 'முட்டாள்' என்று வைத்திருந்தால் அகராதிப் பொருள் சரியாக இருந்திருக்கும், நாவல் கெட்டிருக்கும். இளவரசன் மிஷ்கின் அறிவில் குறைந்தவன் அல்ல, சூது தெரியாதவன். அவனைச் சுற்றியிருப்பவர்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், ஆனால் அவனை நேசிக்காமலும் இருக்க முடியவில்லை. பரிவும் எரிச்சலும் ஒன்றாகக் கலந்த சொல் தமிழில் அசடுதான். 'ஸில்லி' தன் பாதிப் பயணத்தில் எங்கே நின்றதோ, அங்கே அது நிற்கிறது.

மொழிபெயர்ப்பவர்களும் ஆங்கிலத்தைக் கவனித்துப் படிப்பவர்களும் இந்தச் சொற்களிடம் மூன்று கேள்விகள் கேட்டாலே பாதி மயக்கம் தெளியும். எது குறைகிறது: முடிவா, புரிதலா, அனுபவமா? கேடு எவ்வளவு பெரிது? சொல்பவர் கேட்பவருக்கு மேலே நிற்கிறாரா, அருகிலா? மூன்றாவது கேள்விதான் வரலாற்றில் அதிகம் தவறவிடப்பட்டது. மனவயதைக் கணக்கிட்டவர்கள் தாங்கள் எங்கே நின்று அளக்கிறோம் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்தக் கூட்டத்தில் 'ஃபூலிஷ்' மட்டும் ஏன் இவ்வளவு காலம் கெடாமல் நின்றது என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. மற்றச் சொற்கள் உனக்கு அறிவு இல்லை என்கின்றன. இது உனக்கு அறிவு இருந்தும் இப்படிச் செய்துவிட்டாயே என்கிறது. குற்றம் சொல்லும்போதே அந்த ஆளுக்கு உரிய மதிப்பையும் கொடுத்துவிடுகிறது. நியூட்டனைக் குறை சொல்ல ஆங்கிலத்துக்கு அந்தச் சொல் இருந்தது. கேரி பக்கைக் குறிக்க வந்த சொற்கள் எதிலும் அந்த மதிப்பு இல்லை. அவருக்கு அதை மறுப்பதற்காகவே அந்தச் சொற்கள் அங்கே கொண்டுவரப்பட்டன.